முதல் ஏஞ்சல் ஃபிஷ் தொட்டி: மீனுக்கு 320 ரூபாய், மீதிக்கு எவ்வளவு?

போன வீடியோவுல எனக்குப் பின்னாடி ஒரு மீன் தொட்டி தெரிஞ்சதைப் பார்த்துட்டு, "சார், அது எவ்வளவு ஆச்சு?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. இந்தக் கேள்விக்கு எங்கிட்ட ரெண்டு பதில் இருக்கு. ஒண்ணு, முதல் தடவை ஆன செலவு. இன்னொண்ணு, ரெண்டாவது தடவை ஆன செலவு. முதல் பதிலைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாத்தான் இருக்கு. ஆனா அதுலதான் பாடமே இருக்கு.

காலி தொட்டிக்குக் கட்டின இ.எம்.ஐ.

சி.ஏ. முடிச்சு வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஆகஸ்ட் கடைசியில ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா பார்க்கலாம்னு ஒரு கடைக்குப் போனேன். திரும்பி வரும்போது கையில தொட்டி, ஸ்டாண்ட், ஃபில்டர், கவர்ல அஞ்சு ஏஞ்சல் ஃபிஷ். மொத்தம் 11,400 ரூபாய், கிரெடிட் கார்டுல ஆறு மாச இ.எம்.ஐ. அன்னிக்குச் சாயங்காலமே தண்ணி ஊத்தி மீனை விட்டாச்சு.

நாலாவது நாள் மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுச்சு. பசி போலன்னு நினைச்சு இன்னும் தீனி போட்டேன். தண்ணி பளிங்கு மாதிரி இருந்ததால சந்தேகமே வரல. டாக்ஸ் ஆடிட் சீசன் வேற. ஒன்பதாவது நாள் ராத்திரி பதினோரு மணிக்கு ரூமுக்கு வந்தப்போ கடைசி மீனும் போயிருந்துச்சு. அதுக்கப்புறம் பிப்ரவரி வரைக்கும், காலியா நின்ன தொட்டிக்கு மாசாமாசம் தவணை கட்டினேன்.

கடைக்காரர் மேல பழி போட முடியாது. அவர் கேட்டதைக் கொடுத்தார். நான் கேட்க வேண்டியதைக் கேட்கல.

என்ன தப்பு நடந்துச்சு?

மீனோட கழிவும் மிச்சத் தீனியும் தண்ணியில அம்மோனியாவா மாறும். அது மீனோட செவுளை அரிக்கும். நல்ல பாக்டீரியா ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டா மாத்தும். நைட்ரைட்டும் விஷம்தான், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாம பண்ணிடும். இன்னொரு வகை பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். நைட்ரேட் அந்த அளவுக்கு ஆபத்தில்ல, வாராவாரம் தண்ணி மாத்தினா கட்டுக்குள்ள இருக்கும்.

புதுத் தொட்டியில இந்த பாக்டீரியா கிடையாது. ஃபில்டர்லயும் கல்லுலயும் அது வளர நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். எவ்வளவு பணம் வச்சிருந்தாலும் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கிறது கஷ்டம். நல்லா ஓடுற தொட்டி வச்சிருக்கிற நண்பர் யாராவது பழைய ஃபில்டர் பஞ்சைக் கொடுத்தா சீக்கிரம் ஆகும், அவ்வளவுதான்.

மூணு சம்பளத் திட்டம்

இந்தக் காத்திருப்பை நமக்குச் சாதகமா மாத்திக்கலாம். மீனுக்கு ஆறு வாரம் பொறுத்துத்தான் ஆகணும்னா, எல்லாத்தையும் ஒரே நாள்ல கடன் வாங்கி எதுக்கு வாங்கணும்?

*முதல் சம்பளம்: தொட்டியும் ஸ்டாண்டும்.* ஏஞ்சல் ஃபிஷ்ஷோட சொந்த ஊர் அமேசான் ஆத்துப் படுகை. கடையில நாணயம் அளவுல இருக்கும். வளர்ந்தா உடம்பு மட்டும் 15 செ.மீ. வரை போகும், துடுப்போட சேர்த்தா உயரம் 20 செ.மீ.யைத் தாண்டும். அதனால நீளத்தைவிட உயரம் முக்கியம். 60 × 30 × 45 செ.மீ. தொட்டின்னா 81 லிட்டர். தண்ணி மட்டுமே 81 கிலோ, கண்ணாடியும் கல்லும் சேர்த்தா நூறைத் தாண்டும். டிவி ஸ்டாண்ட் மேல வைக்காதீங்க. வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நேரடி வெயில் படுற இடம் வேண்டாம், பாசி பிடிக்கும்.

*ரெண்டாவது சம்பளம்: ஃபில்டர், லைட், டெஸ்ட் கிட்.* தண்ணி ஊத்தி, குளோரின் நீக்கி போட்டு, ஃபில்டரை 24 மணி நேரமும் ஓட விடுங்க. மீன் இல்லாமலே தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுங்க. அது அழுகி வர்ற அம்மோனியாதான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. வாரம் ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணி நோட்டுல எழுதுங்க. முதல்ல அம்மோனியா ஏறி இறங்கும், அப்புறம் நைட்ரைட் ஏறி இறங்கும். தினமும் தீனி போட்டும் ரெண்டுமே பூஜ்யத்துல நின்னு, நைட்ரேட் மட்டும் தெரிஞ்சா தொட்டி ரெடி.

*மூணாவது சம்பளம்: மீன்.* பாதித் தண்ணியை மாத்திட்டு மீன் வாங்கப் போங்க. சென்னைக்காரங்களுக்குக் கொளத்தூர் இருக்கு. கவரை 15 நிமிஷம் தொட்டியில மிதக்க விட்டு, அரை மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமா தொட்டித் தண்ணியைக் கவர்ல சேர்த்து, மீனை மட்டும் வலையில எடுத்து விடுங்க.

என் ரெண்டாவது தடவைக் கணக்கு

- தொட்டி: 2,800
- இரும்பு ஸ்டாண்ட்: 2,200
- ஸ்பான்ஜ் ஃபில்டர், ஏர் பம்ப்: 900
- எல்.இ.டி. லைட்: 700
- டெஸ்ட் கிட்: 1,800
- குளோரின் நீக்கி, கல், வலை, ட்யூப், பக்கெட்: 1,100
- நாலு குட்டி ஏஞ்சல்: 320
- மொத்தம்: 9,820 ரூபாய்

உங்க ஊர்ல விலை மாறும். ஆனா விகிதத்தைப் பாருங்க: நூறு ரூபாய்ல மீனுக்கு மூணு ரூபாய்தான். "மீன் சீப்தானே"ன்னு நாம ஏமாறுறது இங்கதான்.

மாசச் செலவு? 5 வாட் பம்ப் நாள் முழுக்க ஓடினா மாசம் 3.6 யூனிட். 12 வாட் லைட் எட்டு மணி நேரம்னா 2.9 யூனிட். யூனிட் எட்டு ரூபாய்னு வச்சாலும் 52 ரூபாய். தீனி, மருந்து, உதிரி எல்லாம் சேர்த்து எனக்கு 250 ஆகுது. ஏஞ்சல் ஃபிஷ் நல்லா பார்த்துக்கிட்டா பத்து வருஷம்கூட இருக்கும். 250 × 120 மாசம் = 30,000. வாங்கின விலையைப் போல மூணு மடங்கு!

தண்ணி 25-28 டிகிரி இருக்கணும். சென்னையில பெரும்பாலும் ஹீட்டர் தேவைப்படாது. ஊட்டி, பெங்களூருன்னா தேவைப்படும். 100 வாட் ஹீட்டர் தினமும் பத்து மணி நேரம் ஓடினா மாசம் 30 யூனிட் கூடும். கணக்குல சேர்த்துக்குங்க.

கவனிக்க வேண்டியது

- வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணி மாத்துங்க. ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணியில கழுவாதீங்க, குளோரின்ல பாக்டீரியா செத்துடும். தொட்டியில இருந்து எடுத்த தண்ணியிலயே அலசுங்க.
- கூட நியான் டெட்ரா விடாதீங்க. ஏஞ்சல் வளர்ந்ததும் அது இரையாகிடும்.
- நாலுல ரெண்டு ஜோடி சேர்ந்துட்டா மத்த ரெண்டையும் துரத்தும். இந்தத் தொட்டியில கடைசியில ஒரு ஜோடிக்குத்தான் இடம். மீதியைத் திரும்ப எடுத்துப்பீங்களான்னு கடையில முன்னாடியே கேளுங்க.
- கரண்ட் போனா பேட்டரியில ஓடுற ஏர் பம்ப் ஒண்ணு வச்சுக்குங்க. உங்களுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் மாதிரி, மீனுக்கு இது.

போன வீடியோவுல தெரிஞ்சது அதே பழைய ஸ்டாண்ட் இல்ல, அதை ரூம் காலி பண்ணும்போது கொடுத்துட்டேன். டெஸ்ட் எழுதின நோட்டு மட்டும் தொட்டிக்குக் கீழ இன்னும் இருக்கு. முதல் அஞ்சு வாரத்துக்கு அதுல மீனே கிடையாது, வெறும் நம்பர்தான். 38-வது நாள் ரெண்டு பூஜ்யம் வந்தப்போ, பேலன்ஸ் ஷீட் டேலி ஆனதைவிட அதிகமா சந்தோஷப்பட்டேன்.

இந்த மாசச் சம்பளத்துல தொட்டி மட்டும் வாங்குங்க. மீன் எங்கயும் போயிடாது.