தேயிலை மலையில் சிறுத்தைக் கணக்கு: புதிதாக வரும் பிள்ளைகளுக்கு

1. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் தோட்டத்துத் தொரையின் கடிதமும் கையில் கிடைத்ததும் காட்டுக்கு ஓடாதீர்கள். லயத்துக்குப் போங்கள். எந்த மலையில், எதற்காகக் கமரா கட்டுகிறோம் என்று கங்காணியிடமும் கொழுந்தெடுக்கிற அக்காமாரிடமும் சொல்லுங்கள். விறகுக்குப் போகிறவர்களைப் படம் பிடித்துக் காட்டிக்கொடுக்க வந்திருக்கிறார்கள் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினால் அந்தத் தோட்டத்தில் உங்கள் கமரா நிலைக்காது. ஆட்கள் விழுந்த படங்களை உடனே அழித்துவிடுங்கள். எந்த லயத்தில் நாய் காணாமல் போனது, எந்தப் பாதையில் எச்சம் கிடக்கிறது என்று உங்களுக்குச் சொல்லப்போவதும் அவர்கள்தான்.

2. சிறுத்தைக்கும் மனுசன் வெட்டிய பாதைதான் வசதி. ஆற்றோரக் காட்டுத் துண்டு, கைவிட்ட தேயிலை, டர்பன்டைன் தோப்பு, இவற்றை இணைக்கும் ஒற்றையடிப் பாதையைப் பாருங்கள். ஓரிடத்துக்கு இரண்டு கமரா, பாதையின் இரு பக்கமும், முழங்கால் உயரத்தில். இடது விலாவின் புள்ளி வேறு, வலது விலாவின் புள்ளி வேறு. ஒரு பக்கப் படம் மட்டும் இருந்தால் ஒரே சிறுத்தையை இரண்டாக எண்ணிவிடுவீர்கள். ஆனால் இரண்டும் நேருக்கு நேர் பார்க்கக் கூடாது, ஒன்றின் வெளிச்சம் மற்றதின் படத்தைக் கெடுக்கும். முன்னாலுள்ள மானாப்புல்லை அறுத்துவிடுங்கள். வெயிலில் சூடேறிய புல் காற்றில் ஆடினாலே கமரா படமெடுத்துக்கொண்டிருக்கும். திரும்பி வரும்போது மெமரி கார்ட் நிறையப் புல்தான் இருக்கும். ஹட்டன், நுவரெலியா பக்கத்து மிஸ்ட்டைக் கேட்கவே வேண்டாம். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் வையுங்கள்.

3. கட்டும்போதே தேதி, நேரத்தைச் சரிபாருங்கள். தேதி தவறினால் படம் அழகுக்கு மட்டும்தான்.

4. படங்களை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து ஆளடையாளம் காண வேண்டும். பெயர் வைக்கும் ஆசை பிறகு. கருஞ்சிறுத்தை வந்தால் கலங்க வேண்டாம். மலேசியாவில் ஓர் ஆய்வுக் குழு கமராக்களைப் பகலிலும் அகச்சிவப்பு ஒளியிலேயே படமெடுக்க வைத்தது. கறுப்புத் தோலுக்குள் மறைந்திருந்த புள்ளிகள் அப்படியே தெரிந்தன. அந்த ஆய்வு 2015இல் வெளியானது.

5. இனிக் கணக்கு. நூறு படம் கிடைத்தால் நூறு சிறுத்தை இல்லை. அதிகம் நடமாடும் ஒரே கடுவன் அத்தனைக்கும் காரணமாக இருக்கலாம். முதல் சுற்றில் 10 சிறுத்தைகள், அடுத்ததில் 8, அவற்றில் 4 பழைய முகங்கள் என்று வையுங்கள். இரண்டாம் சுற்றில் பாதிதான் பழையவை. ஆகவே முதல் சுற்றில் நாம் கண்ட 10உம் மொத்தத்தில் பாதியாக இருக்கும், மொத்தம் சுமார் 20. உல்லாஸ் காரந்தும் ஜேம்ஸ் நிக்கல்ஸும் இந்த மறுபிடிப்பு முறையால் நாகரஹொளே முதலான இந்தியக் காடுகளில் புலிகளைக் கணித்து 1998இல் எழுதினார்கள். இன்றைய முறைகளுக்கு அதுதான் அடி.

ஆனால் 20 என்பது எவ்வளவு நிலத்துக்கு? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். கமராக்களைச் சுற்றிக் கோடு கிழித்து, அந்தப் பரப்பால் வகுத்தால் அடர்த்தி ஊதிப்போகும். கோட்டுக்கு வெளியே வாழ்கிற சிறுத்தையும் உள்ளே வந்து படத்தில் விழுகிறதே. அதனால் ஒவ்வொன்றும் எந்தெந்தக் கமராவில் விழுந்தது என்று பார்த்து, அதன் நடமாட்ட மையத்தைக் கணித்து, தூரம் கூடக்கூடப் பிடிபடும் வாய்ப்புக் குறைவதையும் சேர்க்கிறார்கள். விடை 100 சதுர கிலோமீற்றருக்கு இத்தனை என்று வரும். ஒரு பெண் சிறுத்தையின் எல்லை முழுதும் அடங்கிவிடும் அளவுக்குக் கமராக்களுக்கிடையே இடைவெளி விடாதீர்கள்.

6. இரண்டு மாதத்துக்குள் முடியுங்கள். நீண்டால் பிறப்பும் இறப்பும் கணக்கில் புகுந்துவிடும். குட்டிகளைச் சேர்க்க வேண்டாம்.

7. யாலவில் வந்த எண்ணைக் கொண்டுவந்து பொகவந்தலாவைக்கு ஒட்டாதீர்கள். அஞ்சலி வாட்சனும் அன்ட்ரூ கிட்டலும் 2004இல் தொடங்கிய அமைப்பு, சரணாலயங்களோடு நிற்காமல் மலைநாட்டுத் தோட்டங்களிலும் வேலை செய்வது இதனால்தான். எண்ணைச் சொல்லும்போது கீழெல்லையும் மேலெல்லையும் சேர்த்தே சொல்லுங்கள். கமரா இருக்கும் இடத்தை மட்டும் பத்திரிகைக்காரருக்குச் சொல்லாதீர்கள்.

8. 2020 மே மாதம் நல்லதண்ணி பக்கம் லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாளில் செத்தது. கம்பி பன்றிக்குத்தான் வைக்கிறார்கள், மாட்டுவது யாரென்று கம்பிக்குத் தெரியாது. கமரா பார்க்கப் போகும் வழியில் கம்பி கண்டால் படமெடுத்து, இடத்தைக் குறித்து, அன்றைக்கே வனஜீவராசிகள் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கார்ட் மாற்றுவது நாளைக்கும் நடக்கும்.