எடையை இடுப்புத் துணியில் ஏற்றாதீர்கள்

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் போடிநாயக்கனூர். கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகு, ஏலக்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். ஊரில் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும்தான் வேட்டி கட்டுவேன். இங்கே முதலாளியில் தொடங்கி மூட்டை தூக்குபவர் வரை பலரும் முண்டில், அதாவது கேரள வேட்டியில்தான் இருக்கிறார்கள். அடுத்த மாதம் உடன் வேலை செய்பவரின் தங்கைக்குக் கல்யாணம். நாங்கள் எல்லோரும் முண்டு கட்டி வருவதாகப் பேச்சு. எனக்கோ அரை மணிக்கு ஒருமுறை நழுவுகிறது. போன், பர்ஸ், வண்டிச் சாவியை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. யூதத் தெருவில் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் கில்ட் என்கிற மடிப்புப் பாவாடை கட்டி, முன்னால் ஒரு தோல்பை தொங்கவிட்டு நடந்து போனார். நமக்கு அப்படி ஒன்று இல்லையே என்று ஏக்கமாக இருந்தது. பெல்ட் போடலாமா? எந்தப் பக்கம் சொருக வேண்டும்? மடித்துக் கட்டிக்கொண்டு பெரியவர்களிடம் பேசினால் தப்பா?
– வாசகர், மட்டாஞ்சேரி

பதில்: தம்பி, உங்கள் வேட்டி நழுவுவதற்குப் பாதிக் காரணம் கட்டும் விதம். மீதிக் காரணம் அந்தப் போனும் பர்ஸும் சாவியும்.

அந்த ஸ்காட்லாந்துக்காரரிடமிருந்தே தொடங்கலாம். அவர் முன்னால் தொங்கிய பைக்கு ஸ்போரன் என்று பெயர். மரபான கில்ட்டில் பாக்கெட் கிடையாது, அதனால்தான் அந்தப் பை. அது கில்ட்டின் துணியைப் பிடித்துத் தொங்குவதில்லை என்பதைக் கவனியுங்கள். இடுப்பைச் சுற்றி வரும் தனி வாரிலோ சங்கிலியிலோ தொங்குகிறது. பணத்தின் எடை உடம்பில் இறங்குகிறது, உடைக்கு அதில் பங்கில்லை. நடனமாடும்போதும் வண்டி ஓட்டும்போதும் பையை இடுப்பின் பக்கவாட்டுக்குத் தள்ளிக்கொள்வார்கள். வேட்டிக்கும் இந்த ஏற்பாடுதான் வேண்டும்.

நம்மிடம் அப்படி ஒன்று இல்லை என்று ஏங்க வேண்டாம். மலபாரின் மாப்பிளை முஸ்லிம் பெரியவர்கள் கட்டும் அகலமான பச்சை பெல்ட்டைப் பார்த்திருப்பீர்கள். அதில் மூடி வைத்த பை உண்டு, அன்றைய வியாபாரப் பணமெல்லாம் அதற்குள் போய்விடும். நம்மூர் மாட்டுச் சந்தைத் தரகர்கள் இடுப்பிலும் அதே பெல்ட்டைக் காணலாம். அதற்கும் முன்னே, பாக்கெட் வைத்துத் தைத்த பட்டாபட்டி டிராயர் இருக்கவே இருக்கிறது. நம் தாத்தாக்கள் ஊர்ச்சந்தைக்குப் போய்ப் பணத்தோடு பத்திரமாகத் திரும்பியது அதன் தயவில்தான். கிண்டலுக்குப் பயந்து இளைஞர்கள் அதைக் கைவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. முட்டிக்கு மேல் நிற்கும் பருத்தி டிராயர், பக்கத்தில் ஆழமான ஒரு பாக்கெட் என்று தையல்காரரிடம் சொல்லித் தைத்துக்கொள்ளுங்கள். பணமும் சாவியும் அதில் போகட்டும். போன் சட்டைப் பையில் இருக்கட்டும். இடுப்புச் சுருளில் மட்டும் எதையும் செருகாதீர்கள். ஒரு போனின் எடை போதும், சுருள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்துவிடும்.

இனிக் கட்டும் முறை. கால்களைச் சற்று அகட்டி நில்லுங்கள். ஒட்டி நின்று கட்டினால் படியேறும்போது துணி இழுத்து, இடுப்பில் அவிழும். வேட்டியை முதுகுப் பக்கம் பிடித்து, மேல் விளிம்பு தொப்புள் மட்டத்தில் வருமாறு இரு தலைப்பையும் முன்னால் கொண்டுவாருங்கள். வலது கைத் தலைப்பை வயிற்றின் குறுக்கே இடது இடுப்புவரை இழுத்து இறுக்குங்கள். இடது கைத் தலைப்பை அதன் மேல் கொண்டுவந்து வலது இடுப்பில் சொருகுங்கள். பிறகு மேல் விளிம்பை வெளிப்பக்கமாக இரண்டு மூன்று சுற்று சுருட்டிவிடுங்கள். வேட்டியைத் தாங்குவது இந்தச் சுருள்தான், சொருகல் அதற்குத் துணை. பலர் சொருகியதோடு நிறுத்திவிட்டு, நழுவுகிறது என்று வேட்டியைக் குறை சொல்கிறார்கள். பேன்ட் பழக்கத்தில் தொப்புளுக்குக் கீழே, இடுப்பெலும்புக்கும் கீழே கட்டுவது இன்னொரு தப்பு. அங்கே சுருள் நிற்க இடமே இல்லை. கில்ட்டையும் அவர்கள் பேன்ட்டைவிட மேலே, தொப்புளை ஒட்டித்தான் கட்டுகிறார்கள். ஆண்களின் கில்ட்டில் உள்மடிப்பு இடப்பக்கமும் வெளிமடிப்பு வலப்பக்கமும் முடியும். நான் சொன்ன இதே வரிசை.

பக்கம் கேட்டீர்கள். கேரளத்தில் இதைக் கூர்ந்து பார்ப்பார்கள். முஸ்லிம்கள் சொருகல் இடப்பக்கம் வருமாறு உடுப்பதும், இந்துக்களும் கிறிஸ்தவர்களும் வலப்பக்கம் வருமாறு உடுப்பதும் அங்கே வெகுகால வழக்கம். உங்கள் வீட்டில் எப்படிக் கட்டினார்களோ அப்படியே கட்டுங்கள். பக்கம் மாறிவிட்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அதை வைத்து யாராவது ஒருவரை எடைபோட்டால் நீங்கள் அதில் சேராமல் இருங்கள். இத்தனை சமூகத்தார் ஒரே தெருவில் தோள் உரசிப் பிழைக்கும் ஊர் மட்டாஞ்சேரி.

பெல்ட் தாராளமாகப் போடலாம், ஆனால் சுருளுக்கு மேலே, துணைக்கு மட்டும். சரியாகக் கட்டாத வேட்டியை பெல்ட்டால் இறுக்கினால் வயிறு வலிக்கும், வேட்டியும் பெல்ட்டுக்குக் கீழே தொய்ந்து தொங்கும். வெல்க்ரோ ஒட்டிய வேட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. சிறுவர்களுக்கும் குனிந்து கட்ட முடியாத வயதானவர்களுக்கும் அவை நல்லவை. உங்கள் வயதுக்கு வேண்டாம், ஒரு வாரம் வீட்டில் கட்டிப் பழகினால் கை தானாகச் செய்யும்.

மடித்துக் கட்டுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேலைக்கும் மழைக்கும் படகில் ஏறுவதற்கும் பைக்குக்கும் மடித்துக் கட்டியே ஆக வேண்டும். குறிப்பாக பைக்கில், தழைய விட்ட வேட்டி சக்கரத்திலோ செயினிலோ சிக்கினால் உயிருக்கே ஆபத்து. பின்னால் உட்கார்ந்து போனாலும் மடித்துக் கட்டி, நுனியைத் தொடைக்கு அடியில் அமுக்கிக்கொள்ளுங்கள். பெரியவர் எதிரே வந்தால் மடிப்பை இறக்கிவிடுவது தமிழ்நாட்டில் போலவே கொச்சியிலும் மரியாதை. பாட்டி முறையில் ஒருவர், மணப்பெண்ணின் தந்தை, பூசாரி, பாதிரியார், உஸ்தாது முன்னால் இறக்கிவிடுங்கள், அழகாக இருக்கும்.

ஆனால் முதலாளி என்பதற்காக அஞ்சி இறக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. கேரளத்தில் ஒடுக்கப்பட்ட சாதியார் முழங்காலுக்குக் கீழே துணி தழைய உடுக்கக் கூடாது என்று ஒரு காலத்தில் தடுத்து வைத்திருந்தார்கள். சமூகப் போராளி ஆறாட்டுப்புழை வேலாயுதப் பணிக்கர் 1858-ல் ஈழவப் பெண்கள் நீண்ட புடவை உடுப்பதற்காகப் போராட வேண்டியிருந்தது. கணுக்கால் வரை தழையும் முண்டு சிலருக்கு எளிதாகக் கிடைத்துவிடவில்லை. நம் பக்கமும் அவமதிப்பு குறைவில்லை. 2014-ல் வேட்டி கட்டி வந்ததற்காகச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனைத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் உள்ளே விடவில்லை. அந்த ஆண்டே அத்தகைய தடையை நீக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் இயற்றியது. உடையை வைத்து மனிதரைத் தாழ்த்திய இந்த வரலாறு இருப்பதால், மடிப்பை இறக்குவது அச்சத்தில் அல்ல, அன்பில் செய்யும் காரியமாக இருக்கட்டும்.

கல்யாணத்துக்கு எந்த முண்டு என்றால், எட்டு முழம் வாங்குங்கள், கடைக்காரர் டபுள் என்பார். இரண்டாக மடித்துக் கட்டுவதால் வெளிச்சத்தில் கால் தெரியாது. நாலு முழம் மண்டிக்கும் வீட்டுக்கும் போதும். பாலியஸ்டர் கலப்பு வழுக்கும். பருத்தியே இடுப்பில் பிடித்து நிற்கும். வட பரவூருக்குப் பக்கத்தில் உள்ள சேந்தமங்கலம் கைத்தறிக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர். 2018 வெள்ளத்தில் தறிகளையும் நூலையும் இழந்து மீண்டெழுந்த நெசவாளர்கள் அங்கே இருக்கிறார்கள். மெல்லிய கசவு (ஜரிகை) கரை போட்ட ஒரு டபுள் முண்டை அவர்களிடம் வாங்கினால் பணம் சரியான கைக்குப் போய்ச் சேரும். கல்யாணம் கோயிலில் என்றால் பெரும்பாலும் சட்டையைக் கழற்றச் சொல்வார்கள். சட்டைப் பை இருக்காது, அன்று போனை நண்பரிடம் கொடுத்துவிடுங்கள்.

புது முண்டை நேராகக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். விறைப்பான துணி சுருளில் அடங்காது. ஒரு முறை கஞ்சி இல்லாமல் அலசி உடுத்துப் பாருங்கள். அதன்பின் ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற பகுதியில் இருக்கும் தோபிகானாவுக்கு எடுத்துப் போங்கள். அங்கே வெளுப்பவர்கள் நம் தமிழ் வண்ணார்கள், தலைமுறை தலைமுறையாகக் கொச்சியிலேயே இருப்பவர்கள். கிளிப் போடாமல், முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கு இடையே துணியின் நுனியைச் செருகிக் காயப்போடுவார்கள். அரிசிக் கஞ்சி போட்டு அவர்கள் இஸ்திரி செய்யும் முண்டில் மடிப்புக் கோடு சாயங்காலம் வரை நிற்கும். “இடுப்புப் பக்கம் கஞ்சி லேசாக, கீழே அழுத்தமாக” என்று தமிழிலேயே சொல்லலாம். மழைக்காலமென்றால் கல்யாணத்துக்கு முந்தின நாள் போய்க் கேட்காதீர்கள், துணி காய இரண்டு மூன்று நாள் விடுங்கள்.