ஒரு லட்சம் ரூபாய் பேனர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. அப்பாவின் ஃப்ளெக்ஸ் கடைக்காக நீ எழுதிய விலைக் கணக்குப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஜாவாஸ்கிரிப்ட் கற்கத் தொடங்கிய கையோடு செய்தது என்றால் நன்றாகவே வந்திருக்கிறது. அகலம், உயரம், எத்தனை பேனர், ரிங் அடிக்கும் கூலி என்று பெட்டிகளை அடுக்கிய வரிசையைப் பார்த்தாலே கடையில் நின்று பழகியவள் என்று தெரிகிறது. ஆனால் நாளைக்கு இந்தத் தொகையைப் பார்த்துத்தான் ஒருவர் அட்வான்ஸ் கொடுக்கப் போகிறார். அதனால் கொஞ்சம் கறாராகவே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

10க்கு 8 பேனர் ஒன்று போட்டுப் பார்த்தேன். சதுர அடி 12 ரூபாய், ரிங் கூலி 50 ரூபாய், நீ வைத்திருக்கும் 18 சதவீத வரி. 1,191 ரூபாய் 80 காசு வரவேண்டும். உன் பக்கம் 1,13,339 ரூபாய் கேட்டது!

காரணம் இதுதான். பெட்டியில் தட்டிய எதையும் நீ வேல்யூ என்று எடுக்கும்போது அது எண்ணாக வராது, ஸ்ட்ரிங்காகத்தான் வரும். பெருக்கல் குறியைப் பார்த்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதைத் தானாகவே எண்ணாக்கிக்கொள்ளும். அதனால் 10, 8, 12 மூன்றும் ஒழுங்காகப் பெருகி 960 வந்தது. அடுத்து வந்தது கூட்டல் குறி. ஒரு பக்கம் ஸ்ட்ரிங் இருந்தால் அது கூட்டாது, ஒட்டும். 960-ன் வாலில் 50 ஒட்டி 96050 ஆனது. அதை நீ 1.18-ஆல் பெருக்கினாய். ரிங் பெட்டியைக் காலியாக விட்டால் இந்தத் தவறு தலைகாட்டாது. வெற்று ஸ்ட்ரிங்கை ஒட்டினாலும் 960 அப்படியே நிற்கும். நீ ரிங் கூலி போடாமலே சோதித்திருப்பாய் என்று நினைக்கிறேன். 1995-ல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவம் கொடுத்த மொழி இது. அந்த அவசரத்தின் சில குணங்களை இன்றும் நாம்தான் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே, பெட்டியிலிருந்து எடுத்த உடனே எண்ணாக்கிவிடு. அதற்கு பார்ஸ்ஃப்ளோட்டை நம்பாதே. நம் ஆட்கள் 1,00,000 என்று காற்புள்ளியோடு தட்டினால் அது முதல் காற்புள்ளியிலேயே நின்று 1 என்று சொல்லிவிட்டுப் போய்விடும். நம்பர் என்ற ஃபங்ஷன் அந்த இடத்தில் 'NaN' என்று ஒப்புக்கொள்ளும், அதாவது இது எண்ணே இல்லை என்று. தப்பான விலை சொல்வதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அதற்கும் ஒரு கண்ணி உண்டு: காலிப் பெட்டியை அது 0 என்று எடுத்துக்கொள்ளும். பக்கம் திறந்ததும் 'மொத்தம் ரூ. 0' என்று காட்டுவதற்குப் பதிலாக 'அளவைப் போடுங்கள்' என்று காட்டு. எண்ணிக்கைப் பெட்டியில் மினிமம் 1 என்று வைத்திருக்கிறாய், சரி. ஆனாலும் -2 என்று தட்ட முடிகிறது, உன் கோடும் அதைப் பெருக்கிக் கடைக்காரரே பணம் கொடுக்க வேண்டும் என்கிறது. அந்தச் சோதனையை நீதான் எழுத வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உன் ஃபங்ஷன் பெட்டியைப் படிக்கிறது, விலை போடுகிறது, வரி சேர்க்கிறது, திரையில் எழுதவும் செய்கிறது. அதையே பேனருக்கு ஒன்று, ஸ்டிக்கருக்கு ஒன்று, விசிட்டிங் கார்டுக்கு ஒன்று என்று காப்பி அடித்து வைத்திருக்கிறாய். மூன்றிலும் 1.18 இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 அன்று நாடு முழுக்க ஏராளமான பொருள்களின் ஜிஎஸ்டி விகிதம் ஒரே நாளில் மாறியதே, நினைவிருக்கிறதா? அப்படி ஒரு நாள் வந்தால் இரண்டு இடத்தில் மாற்றி மூன்றாவதை மறந்துவிடுவாய். யாராக இருந்தாலும் மறப்பார்கள். வரி விகிதம், சதுர அடி ரேட் இரண்டையும் கோப்பின் தலையில் ஒரே இடத்தில் கான்ஸ்ட் போட்டு வை. எந்த வேலைக்கு எத்தனை சதவீதம் என்பதை அப்பாவின் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்.

பிறகு கணக்கை மட்டும் தனி ஃபங்ஷனாகப் பிரித்துவிடு. அதற்குள் எண்கள் போக வேண்டும், எண் வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். எந்தப் பெட்டி, எந்தப் பட்டன், எந்த நிறம் என்று அதற்கு ஒன்றும் தெரியக் கூடாது. படிப்பதற்கு ஒரு ஃபங்ஷன், காட்டுவதற்கு ஒரு ஃபங்ஷன். இப்படிப் பிரித்துவிட்டால் 'கணக்கிடு' பட்டனே வேண்டாம். தட்டத் தட்ட இன்புட் ஈவென்ட்டில் விலை தானாக மாறும். எக்ஸ், எக்ஸ்1, எக்ஸ்2 என்று பெயர் வைத்திருப்பதையும் மாற்று. அடுத்த மாதம் உனக்கே புரியாது.

மொத்த ஆர்டருக்கென்று நீ வைத்திருக்கும் தனி ரேட்டில் இன்னொரு தப்பு. 50 சதுர அடிக்கு மேல் என்றால் 11 ரூபாய், இல்லையென்றால் 100-க்கு மேல் என்றால் 10 ரூபாய் என்று எழுதியிருக்கிறாய். 120 சதுர அடிக்காரர் முதல் நிபந்தனையிலேயே மாட்டிக்கொள்வார். 10 ரூபாய் ரேட் ஒருவருக்கும் கிடைக்காது. பெரிய எல்லையிலிருந்து சின்னதற்கு வா. சரியாக்கியபின் ஒரு வேடிக்கையைப் பார்ப்பாய்: 100 சதுர அடிக்கு 1,100 ரூபாய், 101 சதுர அடிக்கு 1,010 ரூபாய். கூட வாங்கினால் குறைவாகக் கொடுக்கலாம்! இதை உன்னால் கோடில் தீர்க்க முடியாது. அப்பாவிடம் கேள், கடையில் அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று ஒரு வழி வைத்திருப்பார்.

அப்பாவிடம் கேட்க வேண்டியது இன்னொன்றும் உண்டு, அது அங்குலம். கடைக்கு வருகிறவர் 'ஆறரைக்கு நாலு' என்பார். அதைப் பெட்டியில் தட்டச் சொன்னால் பலர் 6.6 என்று தட்டுவார்கள். ஆறு அடி ஆறு அங்குலமாம். உன் கணக்கு அதை ஆறரைக்குக் கொஞ்சம் அதிகமாக எடுத்துக்கொண்டு கூடுதலாக வாங்கும். 5 அடி 11 அங்குலத்தை 5.11 என்று தட்டினாலோ கடைக்கு நஷ்டம். 10 அடி உயரம் வைத்துப் பார்: 59 சதுர அடிக்கு மேல் ஓடும் மெட்டீரியலுக்கு 51 சதுர அடிக் காசுதான் வரும். அடிக்கு ஒரு பெட்டி, அங்குலத்துக்கு ஒரு பெட்டி வை. உள்ளே எல்லாவற்றையும் அங்குலமாக்கிப் பெருக்கி, 144-ஆல் வகுத்துக்கொள். இந்த மாதிரி விஷயத்தை எந்த யூடியூப் பாடமும் உனக்குச் சொல்லித் தராது.

காசு விஷயம். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொல்லிப் பார், 0.30000000000000004 என்று வரும். தசமங்களை இரும எண்ணாக வைப்பதில் வரும் வினை இது. பைத்தான், ஜாவாவிலும் இதே கதைதான். அதனால் கணக்கு முழுவதையும் பைசாவில் போடு. 1,010 ரூபாய் என்றால் 1,01,000 பைசா. வரிக்கு 18-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்து, கடைசியில் ஒரே ஒருமுறை முழு எண்ணாக்கு. டூஃபிக்ஸ்டை இடையில் எங்கும் நுழைக்காதே. அது திருப்பித் தருவது ஸ்ட்ரிங், மறுபடியும் ஒட்டல் வேலை ஆரம்பமாகிவிடும். லட்சத்துக்கான காற்புள்ளியை நீ கையால் போட வேண்டாம். இன்டல் நம்பர்ஃபார்மட்டுக்கு இந்திய லொக்கேலோடு, ஸ்டைல் கரன்சி, கரன்சி ஐஎன்ஆர் என்றும் கொடுத்தால் ரூபாய்க் குறியோடு அதுவே போட்டுத் தரும்.

ரியாக்டுக்கு மாற்றச் சொல்லி உன் தோழி சொன்னாளாமே. இந்த ஒரு பக்கத்துக்கு அது வேண்டாம். ஆனால் என்றைக்காவது ஆன்லைனில் பணம் கட்டும் வசதி சேர்த்தால், பிரவுசர் அனுப்பும் தொகையை அப்படியே வாங்கிக்கொள்ளாதே. வாடிக்கையாளர் எஃப்12 தட்டி அதை மாற்றிவிட முடியும். அளவுகளை மட்டும் வாங்கிக்கொண்டு, விலையை சர்வரில் மறுபடி போட்டுக்கொள்.

எல்லாம் பிரித்து எழுதி முடித்ததும் அப்பாவின் பழைய பில் புத்தகம் ஒன்றை வாங்கி, இருபது முப்பது பில்களின் அளவுகளை உன் கணக்கு ஃபங்ஷனுக்குக் கொடுத்துப் பார். தொகை ஒத்துப்போகாத பில்களைத் தனியாக எடுத்து வை. பொங்கலுக்கு வரும்போது மூன்று பேரும் உட்கார்ந்து பார்ப்போம். அவற்றில் பாதி உன் தப்பாக இருக்காது. தெரிந்தவர் என்று உன் அப்பா குறைத்துப் போட்டதாகத்தான் இருக்கும்.

அன்புடன்,
பெரியப்பா