துருவ வரைபடம் வரைய எளிய வழி

கணிதம் படிக்கும் நம் பிள்ளைகள் துருவ ஆயத்தொலை வரைபடங்களைக் குறிப்பேட்டில் சேர்க்க, மென்பொருள் எதுவும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. 'டெஸ்மாஸ்' இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, கைப்பேசியே போதும்.

எடுத்துக்காட்டாக, 'ஆர் = 4 சைன் 3 தீட்டா' எனும் சமன்பாட்டை ஆங்கில எழுத்தில் உள்ளிடுங்கள். தீட்டா என்று எழுத்துக்கூட்டி அடித்தாலே அந்தக் குறி வந்துவிடும். மூன்று இதழ்ப் பூ ஒன்று தோன்றும். ஸ்பேனர் படத்தைத் தொட்டுத் துருவக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் வட்டக் கோடுகளும் தெரியும்.

ஆனால், தேர்வறையில் கைப்பேசி இராது. ஆகவே முதலில் 0, 30, 60, 90 பாகைகளுக்கு மதிப்பு கண்டு கையால் வரையுங்கள். விடை 0, 4, 0, -4. கடைசிப் புள்ளி மேலே அல்ல, எதிர்த்திசையில் கீழே அமையும். கவனம் தேவைப்படுவது இங்கேதான். வரைந்த பிறகு திரையோடு ஒப்பிடுங்கள். பெற்றோரே, இதற்காகப் பிள்ளை கைப்பேசி கேட்டால் கொடுங்கள்; கையால் வரைந்த தாளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.