குமிழி நின்றால் பீர் கெட்டதா?

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சிக் குடிக்க 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. 1979 பிப்ரவரி முதல் தேதி அது அமலுக்கு வந்தது. இரண்டு பெரியவர்கள் உள்ள வீடு ஆண்டுக்கு 200 கேலன் வரை காய்ச்சலாம். அலபாமாவும் மிசிசிப்பியும் மட்டும் 2013 வரை முரண்டு பிடித்தன. (தமிழ்நாட்டில் இன்றும் இது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.) அந்த அமெரிக்கச் சமையலறைகளிலும் கார் ஷெட்டுகளிலும் ஏதாவது ஒன்று உடைந்துகொண்டே இருக்கிறது. உடைந்ததும் பதறுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், பதற வேண்டாத இடத்தில் பதறி நல்ல பீரைச் சாக்கடையில் கொட்டுகிறவர்கள், பதற வேண்டிய இடத்தில் அலட்சியமாக இருக்கிறார்கள்.

முதல் பதற்றம் ஏர்லாக். நொதிக்கும் வாளியின் மூடியில் செருகியிருக்கும் சின்ன பிளாஸ்டிக் குழாய் அது. உள்ளிருக்கும் தண்ணீர் வழியாகக் கரியமில வாயு குமிழியிட்டு வெளியேறும். "குமிழி வரவில்லை, ஈஸ்ட் செத்துவிட்டது" என்பது புதியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது சொல்லும் வாக்கியம். வாயுவுக்குக் குழாய் வழியாகத்தான் போகவேண்டும் என்ற நேர்த்திக்கடன் ஏதுமில்லை. மூடியின் விளிம்பில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் அதன் வழியே போய்விடும். உள்ளே நொதித்தல் ஜோராக நடக்கும். இதற்கு நேர்மாறாகவும் நடப்பதுண்டு. எல்லாம் முடிந்த பிறகு அறை சற்றுச் சூடானாலே, கரைந்திருந்த வாயு வெளியேறிக் குமிழியிடும்.

அளந்து பார்ப்பது ஒன்றே வழி. திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் தொடக்கத்தில் 1.050 காட்டியிருந்தால், முடிவில் 1.010 அளவுக்கு இறங்கும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் ஒன்றாக இருந்தால் வேலை முடிந்தது.

ஆனால் "ஹைட்ரோமீட்டர் பொய் சொல்லாது" என்பதும் ஒரு நம்பிக்கைதான். அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள் அளவுகள் அச்சிட்ட காகிதச் சுருள் இருக்கிறது. ஒரு தட்டுத் தட்டினால் அது நழுவக்கூடும். கருவியில் குறித்திருக்கும் வெப்பநிலையில் வெறும் தண்ணீரில் மிதக்கவிட்டால் 1.000 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் குற்றவாளி பீர் அல்ல. ஹைட்ரோமீட்டர் உடைந்துபோனதால், ஒளி வளைவதை வைத்து அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டருக்கு மாறுகிறவர்களுக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது. ஆல்கஹால் கலந்த திரவத்தில் ஒளி வேறுவிதமாக வளைவதால், 1.010-க்கு இறங்கிவிட்ட பீரையும் அது 1.024 போலக் காட்டும். திருத்தக் கணக்குப் போடாமல் படித்துவிட்டு, நொதித்தல் பாதியில் நின்றதாக எண்ணி இன்னொரு பாக்கெட் ஈஸ்டைக் கொட்டுவார்கள்.

அடுத்த பதற்றம் வடிகட்டி. கோதுமை கலந்து காய்ச்சும்போது, உமி இல்லாத அந்தத் தானியம் களியாகி வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். சட்டியைக் கவிழ்க்க வேண்டியதில்லை. ஒருபிடி நெல் உமியைக் கிளறிவிட்டால் திரவம் இறங்க வழி கிடைக்கும். நம் ரைஸ் மில்களில் மலையாகக் குவிந்து கிடக்கும் அதே உமியை அங்கே பையில் அடைத்து விற்கிறார்கள்.

கொதித்த சாற்றைக் குளிரவைக்கும் செப்புச் சுருள் ஒழுக ஆரம்பித்தால்? "அரை மணிக்குள் ஆறாவிட்டால் எல்லாம் பாழ்" என்று பதறுவார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவில் பலர் அந்தச் சுருளையே வைத்துக்கொள்வதில்லை. சூடு தாங்கும் பிளாஸ்டிக் கேனில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, காற்றில்லாமல் இறுக மூடி, இரவு முழுவதும் ஆறவிட்டு மறுநாள் ஈஸ்ட் சேர்க்கிறார்கள். கசப்பு சற்றுக் கூடலாம், அவ்வளவுதான். நுரை பொங்கி ஏர்லாக்கை அடைத்து, மூடி உத்தரத்தில் போய் முட்டினாலும் பீருக்கு உடனே ஒன்றும் ஆகாது. உள்ளிருந்து வாயு தள்ளிக்கொண்டே இருக்கும்போது வெளிக்காற்று எளிதில் நுழையாது. மூடியைக் கழுவிக் கிருமிநாசினியில் நனைத்துப் பொருத்தி, அகலமான குழாயொன்றைச் செருகி மறுமுனையைத் தண்ணீர் ஜாடியில் விட்டால் போதும்.

பயப்பட வேண்டியது கண்ணாடிக்கு.

கார்பாய் எனப்படும் 5 கேலன் கண்ணாடிக் குடுவையில் 19 லிட்டர் பிடிக்கும். கண்ணாடியின் எடையும் சேர்ந்தால் 25 கிலோவை நெருங்கும். கழுத்தில் மாட்டும் கைப்பிடி நிறைகுடுவையைத் தூக்கத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அது காலிக் குடுவைக்கானது. சூடான சாற்றை ஊற்றினால் குடுவை விரிசல் விடும். ஈரக் கையில் நழுவி உடைந்து, கைத் தசைநார் அறுந்து அறுவைசிகிச்சைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். குடுவையைப் பால் கிரேட்டுக்குள் வைத்துத் தூக்குவது அழகாக இராது, ஆனால் கை மிஞ்சும். ஹைட்ரோமீட்டர் பீருக்குள்ளேயே உடைந்தாலும், துணியில் வடிகட்டிக் குடிக்கலாம் என்ற சிக்கனம் வேண்டாம். இங்கே மட்டும் சாக்கடைதான் சரி.

அலமாரியில் ஒரு பாட்டில் வெடித்தால் "பாட்டில் மட்டம்" என்று சொல்லித் துடைத்துவிட்டுப் போகிறார்கள். பெரும்பாலும் காரணம் உள்ளே இருக்கும் சர்க்கரை. நொதித்தல் முடியும் முன்பே அடைத்திருப்பார்கள், அல்லது அடைக்கும்போது குமிழிக்காக 19 லிட்டருக்கு 115 முதல் 140 கிராம் போட வேண்டிய சர்க்கரையைக் கைக்கு வந்தபடி போட்டிருப்பார்கள். ஒன்று வெடித்தால் அதே அடைப்பில் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன என்று பொருள். கெட்டியான கம்பளியைப் போர்த்தி, பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் அணிந்து ஒவ்வொன்றாகக் குளிர்பெட்டிக்கு மாற்ற வேண்டும். குளிரில் வாயு திரவத்தில் கரைந்து அழுத்தம் குறையும். நன்றாகக் குளிர்ந்தபின் மூடியைச் சற்றே நெம்பி, உஸ்ஸென்று காற்றை விட்டுப் புது மூடி போடலாம். அலமாரியைப் பெருக்கும்போது செருப்பைக் கழற்றக் கூடாது. சில்லுகள் எதிர்ச்சுவர் வரை போயிருக்கும்.