பத்து மாதக் குழந்தைக்கு டீயில் நனைத்த பிஸ்கட்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். மகளுக்குப் பத்து மாதம். பிறந்தபோது 2.6 கிலோ, போன வாரம் அங்கன்வாடியில் எடை பார்த்தபோது 7.2 கிலோ. காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஏழாகிவிடும். காலையிலும் இரவிலும் மட்டும் தாய்ப்பால் கொடுக்கிறேன். பகலில் மாமியார் டீயில் பிஸ்கட் நனைத்து ஊட்டுகிறார். அழுதால் ஐந்து ரூபாய் சிப்ஸ். சோறு ஊட்டினால் துப்பிவிடுகிறாள். ஆறு மாதத்துக்கு மேல் தாய்ப்பாலில் சத்து இல்லை, பகலெல்லாம் கட்டிய பால் வயிற்றுக்கு ஆகாது என்கிறார்கள். டப்பா உணவு வாங்க வசதியில்லை. பிள்ளை நோஞ்சானாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ரா. செ., அவிநாசி

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. உங்கள் மகள் நோஞ்சான் இல்லை. பத்து மாதப் பெண் குழந்தையின் சராசரி எடை 8.5 கிலோ. 6.7 கிலோவுக்குக் கீழே போனால்தான் அதை எடைக்குறைவு என்கிறோம். 7.2 கொஞ்சம் மெலிவுதான். ஆனால் பிறந்த எடையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்குக்கு வந்திருக்கிறாள். அதில் பெரும்பங்கு உங்கள் பாலால் வந்தது. கவலைப்பட்டு எழுதியதும் நல்லதே. இப்போது திருத்திக்கொண்டால் சுலபமாகச் சரியாகிவிடும்.

முதலில் பாலைப் பற்றிய பயம். ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலில் சத்து வற்றிவிடுவதில்லை. குழந்தையின் தேவைதான் கூடிவிடுகிறது. ஒரு வயது வரை குழந்தைக்கு வேண்டிய சக்தியில் பாதியையும், அதன்பின் இரண்டு வயது வரை மூன்றில் ஒரு பங்கையும் தாய்ப்பாலே தரமுடியும். அதனால்தான் இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். மார்பில் கட்டிய பால் கெடாது, புளிக்காது. வீட்டுக்கு வந்ததும் கை கழுவிவிட்டு உடனே கொடுங்கள். மார்பு இறுகி வலித்தால் கொஞ்சம் பீய்ச்சிவிட்டுக் கொடுத்தால் குழந்தை சுலபமாகக் கவ்வும்.

இனி, சோற்றை ஏன் துப்புகிறாள் என்று பார்ப்போம். இந்த வயதில் குழந்தையின் வயிறு ஒரு கிலோ எடைக்கு 30 மில்லி கொள்ளும். உங்கள் மகளுக்கு அது ஒரு டம்ளர் அளவுதான். அதை டீயும் பிஸ்கட்டும் நிரப்பிவிட்டால் பருப்புச் சோற்றுக்கு இடமேது? பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். எது அதிகமோ அதைத்தான் முதலில் அச்சடிப்பார்கள். மைதா, சர்க்கரை, பாமாயில் என்றுதான் வரிசை தொடங்கும். பசி அடங்கும், உடம்பு வளர வேண்டிய புரதமும் இரும்பும் கிடைக்காது. இனிப்பும் உப்பும் நாக்கில் முதலில் ஏறிவிட்டால் வீட்டுச் சோறு சப்பென்று இருக்கும். துப்புவது அதனால்தான்.

டீ இதைவிடக் கெடுதல். அதில் உள்ள டானின் (துவர்ப்புப் பொருள்), சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. பிறக்கும்போது குழந்தை கொண்டுவந்த இரும்பு ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். சரியாக அந்த நேரத்தில் டீ பழகினால் ரத்தசோகை (ரத்தத்தில் இரும்பு குறைந்து வெளுத்துப்போதல்) வரும். சிப்ஸில் உப்பு அதிகம்; சின்னத் தொண்டையில் சிக்கவும் கூடும்.

மாமியாரைக் கடிந்துகொள்ளாதீர்கள். பேத்தியை நாள் முழுக்கத் தனியாகப் பார்த்துக்கொள்பவருக்கு, அடுப்பு மூட்டாமல் கைக்குக் கிடைப்பது அந்தப் பாக்கெட்தான். கையெட்டும் இடத்தில் வேறொன்றை வைத்துவிட்டுப் போங்கள்.

அந்த வேறொன்று உங்கள் அங்கன்வாடியிலேயே இருக்கிறது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை இலவசமாகத் தரும் சத்துமாவை விடாமல் வாங்குங்கள். கஞ்சி தண்ணீராக இருக்கக்கூடாது; கரண்டியைச் சாய்த்தால் மெதுவாக நழுவ வேண்டும், ஓடக்கூடாது. உங்கள் வீட்டுக் குழம்பில் மிளகாயும் உப்பும் போடுவதற்கு முன்பே வெந்த பருப்பையும் காய்கறியையும் எடுத்து, சோற்றோடு மசித்து, ஒரு ஸ்பூன் எண்ணெயோ நெய்யோ விடுங்கள். இரண்டு ஐந்து ரூபாய் பாக்கெட் விலைக்கு ஒரு முட்டை வந்துவிடும். நன்றாக வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். நாலு மணிக்கு டீ, பிஸ்கட்டுக்குப் பதிலாக மசித்த வாழைப்பழமோ ஆறிய இட்லியோ போதும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, ஒவ்வொரு வேளையும் அரை டம்ளர். துப்பினால் விட்டுவிடாதீர்கள். ஒரு புதிய ருசி பழக எட்டுப் பத்துத் தடவை ஆகும்.

டப்பா உணவு வாங்க முடியவில்லையே என்ற ஏக்கம் வேண்டாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உணவுக்கு விளம்பரம் செய்யவே கூடாது என்று 1992-ல் வந்து 2003-ல் கடுமையாக்கப்பட்ட சட்டம் சொல்கிறது. தாய்ப்பாலின் இடத்தையும் வீட்டுச் சோற்றின் இடத்தையும் டப்பா பிடித்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் அந்தத் தடை.

வேலைக்குக் கிளம்பும் முன் சுத்தமான மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரத்தில் பாலைப் பீய்ச்சி வைக்கலாம். வெளியே நிழலான குளிர்ந்த இடத்தில் நாலு மணி நேரம், ஃபிரிட்ஜில் ஒரு நாள் இருக்கும். அடுப்பில் வைத்துச் சூடாக்காமல், வெந்நீரில் பாத்திரத்தை வைத்து வெதுவெதுப்பாக்கி, பாலாடையில் புகட்டச் சொல்லுங்கள். பாட்டில் வேண்டாம்; அதைச் சுத்தமாக வைப்பது கடினம். கம்பெனியில் 50 பேருக்கு மேல் வேலை பார்த்தால் குழந்தைகள் காப்பகம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளையும் உங்களுக்கு உண்டு. பக்கத்தில் வேலை பார்க்கும் தாய்மார்களையும் சேர்த்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் கேளுங்கள். அது சலுகை இல்லை, உங்கள் உரிமை.

கிராம சுகாதாரச் செவிலியரிடம் இரும்புச்சத்து சிரப் கேட்டு வாங்கி, வாரம் இரண்டு முறை ஒரு மில்லி கொடுங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் எடை கூடாவிட்டால், உள்ளங்கையோ கண் இமையின் உட்புறமோ வெளுத்திருந்தால், புஜத்தின் சுற்றளவு 12.5 செ.மீ.க்குக் குறைந்தால், அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால், தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். இந்த வாரம் டீயை மட்டும் நிறுத்துங்கள். அடுத்த வாரம் பிஸ்கட். அடுத்த மாதம் அங்கன்வாடி அட்டையில் 200 கிராம் கூடியிருந்தாலே நல்ல வளர்ச்சி. என்ன எடை என்று எனக்கும் எழுதுங்கள்.