தடையற்ற இரயில் பயணம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் வேலைக்கும் கல்விக்கும் வழிபாட்டுக்கும் செல்லும் மக்கள் பலர் கொமுட்டர் இரயிலைப் பயன்படுத்துகின்றனர். 1995ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இச்சேவை, கோலாலம்பூரையும் அதனைச் சுற்றியுள்ள நகரங்களையும் இணைக்கிறது. இப்பகுதியில் இரண்டு முதன்மைத் தடங்கள் உள்ளன. ஒரு தடம் தஞ்சோங் மாலிமையும் போர்ட் கிள்ளானையும் இணைக்கிறது. மற்றொன்று பத்துமலையில் தொடங்கி, சிரம்பான் வழியாகப் பூலாவ் செபாங் வரை செல்கிறது. புத்ரா, பேங்க் நெகாரா, கோலாலம்பூர், கேஎல் சென்ட்ரல் ஆகிய நான்கு நிலையங்கள் இரு தடங்களுக்கும் பொதுவானவை.

தட வரைபடத்தைப் படிக்க மூன்று கேள்விகள் உதவும். ஏறும் நிலையமும் இறங்கும் நிலையமும் எந்தத் தடத்தில் உள்ளன? இடையில் எங்கே இரயில் மாற வேண்டும்? செல்லும் திசையில் உள்ள கடைசி நிலையம் எது? மூன்றாவது கேள்வி மிக முக்கியமானது. ஏனெனில், அறிவிப்புப் பலகைகளில் இரயில் சென்றடையும் கடைசி நிலையத்தின் பெயரே காணப்படும். எடுத்துக்காட்டாக, கிள்ளானிலிருந்து பத்துமலைக்குச் செல்பவர் தஞ்சோங் மாலிம் நோக்கிச் செல்லும் இரயிலில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பத்துமலை இரயிலுக்கு மாறலாம். அங்கே இறங்கத் தவறினாலும் அடுத்த மூன்று நிலையங்களில் மாற வாய்ப்புண்டு. புத்ராவைத் தாண்டிய பிறகு இரு தடங்களும் பிரிந்துவிடும்.

ஆனால், எல்லாப் பயணிகளுக்கும் வரைபடம் மட்டும் போதுமா? இதே பயணத்தைச் சக்கர நாற்காலியில் இருக்கும் மூதாட்டி ஒருவர் தம் பேத்தியுடன் மேற்கொள்வதாக வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து நிலையம் வரை நடைபாதை சீராக இருக்க வேண்டும். பயணச்சீட்டைச் சரிபார்க்கும் நுழைவாயில் அகலமாக இருக்க வேண்டும். நடைமேடைக்குச் செல்ல மின்தூக்கியோ சாய்தளமோ வேண்டும். நடைமேடைக்கும் இரயிலுக்கும் உள்ள இடைவெளியைச் சக்கரங்கள் பாதுகாப்பாகக் கடக்க வேண்டும். இரயில் மாறும் நிலையத்திலும், இறங்கும் நிலையத்திலும் இதே வசதிகள் மீண்டும் தேவை. இவற்றுள் ஒன்பது வசதிகள் சரியாக இருந்து, பத்தாவதாக ஒரு மின்தூக்கி மட்டும் பழுதடைந்திருந்தாலும் அவர்கள் வந்த வழியே திரும்ப நேரிடும். நடக்க இயன்றவருக்கு மின்தூக்கி ஒரு வசதி. நடக்க இயலாதவருக்கு அதுவே வழி.

இத்தகைய தடைகளுக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே 1886ஆம் ஆண்டிலேயே இரயில் ஓடத் தொடங்கியது. அக்காலத்தில் நிலையங்களைத் திட்டமிட்டவர்கள் சக்கர நாற்காலியில் வரும் பயணியை எண்ணிப் பார்க்கவில்லை. பழைய நிலையங்களில் இவ்வசதிகளைப் பின்னர்தான் சேர்க்க வேண்டியிருந்தது. அண்டை நாடான சிங்கப்பூரிலும் இதே நிலைதான். அங்கு 1987ஆம் ஆண்டு தொடங்கிய பெருவிரைவு இரயிலின் தொடக்ககால நிலையங்களில் மின்தூக்கிகளைப் பிறகே பொருத்தினர். மாறாக, 2017ஆம் ஆண்டு முழுமையாகத் திறக்கப்பட்ட காஜாங் எம்ஆர்டி தடத்தின் நிலையங்கள் தொடக்கத்திலிருந்தே மின்தூக்கிகளுடன் கட்டப்பட்டன. முதலிலேயே திட்டமிடுவது பின்னர் இடித்துக் கட்டுவதைவிட எளிது.

நிலையங்களின் தரையில் பதிக்கப்பட்டுள்ள மஞ்சள் நிற ஓடுகளைப் பலர் கவனிப்பதில்லை. பார்வையற்றோர் அவற்றைக் காலாலும் கைத்தடியாலும் தொட்டு உணர்கின்றனர். நீண்ட கோடுகள் ‘இவ்வழியே செல்க’ என்கின்றன. வட்டப் புள்ளிகள் ‘நில், கவனி’ என எச்சரிக்கின்றன. பார்வை இழந்துகொண்டிருந்த நண்பருக்கு உதவ விரும்பிய செய்ச்சி மியாக்கே என்னும் ஜப்பானியர் 1965ஆம் ஆண்டு இவ்வோடுகளை உருவாக்கினார். 1967ஆம் ஆண்டு ஒகாயாமா நகரில் இவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. நண்பர் ஒருவர் மீது கொண்ட அக்கறை, இன்று உலகெங்கும் பலருக்கு வழிகாட்டுகிறது.

மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், பொதுப் போக்குவரத்தை மற்றவர்களைப் போலவே பயன்படுத்தும் உரிமையை மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்குகிறது. எனினும், சட்டமும் கட்டடமும் மட்டும் இவ்வுரிமையைக் காத்துவிட முடியாது. மஞ்சள் ஓடுகளின் மீது பைகளை வைத்தால், பார்வையற்றவரின் வழி அடைபடும். படியேற இயன்றவர்கள் மின்தூக்கியில் முண்டியடித்து ஏறினால், சக்கர நாற்காலியில் இருப்பவர் தம் இரயிலைத் தவறவிடுவார். பழுதடைந்த மின்தூக்கியைக் கண்டும் நிலைய ஊழியரிடம் தெரிவிக்காமல் சென்றால், அடுத்து வருபவர் தவிப்பார். உதவி செய்ய விரும்புவோர், “உங்களுக்கு உதவி தேவையா?” என்று முதலில் கேட்பது நல்லது. கேட்காமல் நாற்காலியைத் தள்ளுவதோ கையைப் பிடித்து இழுப்பதோ அவருக்கு அச்சத்தைத் தரக்கூடும்.

முதுமை, கருவுற்றிருத்தல், காலில் ஏற்படும் எலும்பு முறிவு எனப் பல சூழல்களில் எவருக்கும் சாய்தளமும் மின்தூக்கியும் தேவைப்படலாம். அடுத்த முறை இரயில் நிலையத்துக்குச் செல்லும் மாணவர்கள், படிக்கட்டைப் பயன்படுத்தாமல் வாயிலிலிருந்து நடைமேடை வரை சென்று பார்க்கட்டும். அந்த வழி எங்கே தடைபடுகிறது என்பதை அவர்களே கண்டறிவார்கள்.